கூட்டமாகப் போய் தனியாக ஓடுகிறவர்கள்

அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஏதோ ஒரு வியாழக்கிழமை காலை. சென்னை உள்நாட்டு விமான முனையத்தில் கோவா செல்லும் வரிசையில் ஆளுயரப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் நிற்பார்கள். கச்சேரி கோஷ்டியோ என்று நினைக்கத் தோன்றும். பெட்டிக்குள் இருப்பது தம்புராவும் இல்லை, தவிலும் இல்லை. சக்கரம் தனி, பெடல் தனி, ஹேண்டில்பார் தனி என்று கழற்றி அடுக்கிய சைக்கிள். எடை போடும் இடத்தில் ஒரு சின்னப் பஞ்சாயத்து நடக்கும். டயரில் காற்றை இறக்கியாச்சா, பவர்பேங்க் உள்ளே மாட்டிக்கொண்டதா, பஞ்சர் ஆனால் நொடியில் காற்றடைக்கும் அந்தக் குட்டி கேஸ் சிலிண்டரை யாராவது மறந்துபோய்ப் போட்டுவிட்டார்களா? சிலிண்டர் அநேகமாகச் சென்னையிலேயே தங்கிவிடும். கோவாவில் அது எங்கே கிடைக்கும் என்று குழுவில் ஒருவர் முன்கூட்டியே விசாரித்து வைத்திருப்பார். எல்லா டிரையத்லான் குழுவிலும் அப்படி ஒருவர் உண்டு.

இவர்கள் போவது பனாஜியின் மிராமார் கடற்கரைக்கு. கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், அந்த ஈரம் காய்வதற்குள் 90 கி.மீ. சைக்கிள், இறங்கியதும் 21.1 கி.மீ. ஓட்டம். மூன்றையும் கூட்டினால் 113 கி.மீ., மைல் கணக்கில் 70.3. இந்த டிரையத்லானுக்கு அயர்ன்மேன் 70.3 என்ற பெயர் அப்படி வந்ததுதான். இந்தியாவில் இது முதன்முதலாக நடந்தது 2019 அக்டோபர் 20 அன்று, இதே மிராமாரில். மணிப்பூரைச் சேர்ந்த பிஷ்வோர்ஜித் சிங் சைகோம் 4 மணி 42 நிமிடத்தில் முடித்து முதலில் வந்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளைக் கொரோனா விழுங்கியது. 2022 நவம்பரில் மறுபடி ஆரம்பித்து, அதன் பிறகு ஆண்டு தவறவில்லை.

அதற்கு முன்பு தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது கொழும்புதான். 2018 பிப்ரவரி 25 அன்று காலிமுகத்திடல் பக்கத்தில் தெற்காசியாவின் முதல் அயர்ன்மேன் 70.3 நடந்தபோது, இங்கிருந்து சைக்கிள் பெட்டியோடு கிளம்பியவர்கள் பலர். அதையும் விட்டால் லங்காவி, பஹ்ரைன், துபாய் என்று பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. கோவா வந்த பிறகு விசா தொல்லை இல்லை, பணம் மாற்ற வேண்டியதில்லை. வேன் எடுத்தால் கோவைக்காரர்கள் சாலை வழியாகவே கோவா போய்விடலாம். பதிவுக் கட்டணம் மட்டும் ஐந்து இலக்க ரூபாய். சைக்கிள், பயணம், தங்கும் அறை எல்லாம் சேர்த்தால் நடுத்தர வீட்டில் இரண்டு மூன்று மாதப் பேச்சுவார்த்தைக்குரிய விஷயம். இது எல்லோராலும் விளையாட முடிகிற விளையாட்டு இல்லை என்பதை இந்த உலகத்து ஆட்கள் சத்தமாகச் சொல்வதில்லை. ஐ.டி. கம்பெனிக்காரர்கள், டாக்டர்கள், சொந்தத் தொழில் செய்பவர்கள், சீருடைப் பணியில் இருப்பவர்கள் என்றுதான் குழுக்கள் அமைகின்றன.

டிரையத்லானே ஒரு கிளப்பில் பிறந்த விளையாட்டு. 1974 செப்டம்பர் 25, புதன்கிழமை மாலை. அமெரிக்காவின் சான் டியாகோ டிராக் கிளப்பைச் சேர்ந்த ஜாக் ஜான்ஸ்டோனும் டான் ஷனஹனும், தினமும் ஓடுகிற ஓட்டத்துக்கு ஒரு மாறுதலாக மிஷன் பே கடலோரத்தில் ஓட்டம், சைக்கிள், நீச்சல் மூன்றையும் கலந்து ஒரு போட்டி வைத்தார்கள். வந்தவர்கள் 46 பேர். அதில் கலந்துகொண்ட கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ், பிறகு ஹவாயில் பணியாற்றியபோது மனைவி ஜூடியோடு சேர்ந்து யோசித்துத் தொடங்கியதுதான் அயர்ன்மேன். 1978 பிப்ரவரி 18 அன்று நடந்த முதல் போட்டியில் 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். அன்றைக்குத் தண்ணீர்ப் பந்தல் எதுவும் கிடையாது. ஒவ்வொருவரும் தனக்கென்று உதவிக்கு ஆட்களைக் கூட்டிவர வேண்டும். முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த ஜான் டன்பாரின் ஆட்களிடம் தண்ணீர் தீர்ந்துபோனது. கையில் இருந்தது பீர். அதைக் கொடுத்தார்கள், அவரும் குடித்துவிட்டு ஓடினார். கோர்டன் ஹாலர் ஜெயித்தார், டன்பார் இரண்டாமிடம்.

இன்றைக்கு அப்படி யாரும் பீரும் நீட்ட முடியாது, மோரும் நீட்ட முடியாது. போட்டியில் இருப்பவருக்கு வெளியாள் எந்த உதவியும் செய்யக் கூடாது. கூடவே ஓடி வேகம் சொல்லக் கூடாது, பாட்டில் கொடுக்கக் கூடாது, கழன்ற செயினை மாட்டிவிடக் கூடாது. சக போட்டியாளர் கொஞ்சம் உதவலாம்: ஒரு டியூப், ஒரு பம்ப், ஒரு வாய் தண்ணீர். ஆனால் தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுத்துவிட்டு, தான் ஓரமாக உட்காரும் தியாகத்துக்கு விதிப்புத்தகத்தில் இடமில்லை. இதையெல்லாம்விடக் கண்டிப்பானது சைக்கிள் இடைவெளி. முன்னால் போகிறவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் நடுவே 12 மீட்டர் இருக்க வேண்டும். அந்த இடைவெளிக்குள் நுழைந்தால் 25 விநாடிக்குள் முந்திப் போய்விட வேண்டும். காற்றுக்கு ஒளிந்துகொண்டு பின்னாலேயே தொற்றிக்கொண்டு வந்தால் மோட்டார் பைக்கில் வரும் நடுவர் நீல அட்டையைக் காட்டுவார். அடுத்த தண்டனைக் கூடாரத்தில் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். நிற்கிற நேரத்தில், ‘அந்தாளு சும்மா போறான், என்னைய மட்டும் புடிச்சிட்டாங்க’ என்று புலம்பத் தடையில்லை.

ஆக, குழுவாகப் பயிற்சி செய்து, குழுவாக டிக்கெட் போட்டு, ஒரே நிற டி-ஷர்ட் அச்சடித்துக்கொண்டு வருகிறவர்களைப் போட்டி நாளன்று விதிப்புத்தகம் ஆளுக்கொரு பக்கம் பிரித்துவிடுகிறது. மற்ற விளையாட்டுகளில் வெளியூர் ஆட்டம் என்றால் பதினொரு பேரும் ஒன்றாக இறங்குவார்கள், ஒன்றாகத் தோற்பார்கள். இங்கே முப்பது பேர் போனால் முப்பது தனித்தனிப் பந்தயங்கள்.

உலக அரங்கிலேயே இந்த முரண் நாடகமாக வெடித்திருக்கிறது. 2016 செப்டம்பரில் மெக்சிகோவின் கோசுமெல் தீவில் உலகத் தொடரின் கடைசிப் போட்டி. முதலில் ஓடிக்கொண்டிருந்த இங்கிலாந்தின் ஜானி பிரவுன்லீ, கடைசிச் சில நூறு மீட்டரில் வெயில் தாக்கித் தள்ளாடினார். பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர் தம்பியின் கையைத் தன் தோளில் போட்டு இழுத்துக்கொண்டே ஓடி, எல்லைக்கோட்டைத் தாண்ட அவரை முன்னால் தள்ளிவிட்டார். அதற்குள் தென்னாப்பிரிக்காவின் ஹென்றி ஷூமன் இருவரையும் கடந்து ஜெயித்துவிட்டார். உலகமே கண்ணைத் துடைத்துக்கொண்டது. விதி எழுதுகிறவர்கள் துடைத்துக்கொள்ளவில்லை. ஒருவர் முன்னேற இன்னொருவர் உடலால் உதவக் கூடாது என்று அடுத்த திருத்தத்தில் எழுதிவிட்டார்கள். 2019 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கின் முன்னோட்டப் போட்டி. ஜெஸ் லியர்மந்த், ஜார்ஜியா டெய்லர்-பிரவுன் என்ற இரண்டு பிரிட்டிஷ் பெண்கள் கைகோத்துக்கொண்டு முதலாவதாகக் கோட்டைத் தாண்டினார்கள். திட்டமிட்டுச் சமன் செய்வது குற்றம் என்று இருவரையும் தகுதி நீக்கி, அடுத்து வந்த பெர்முடாவின் ஃப்ளோரா டஃபிக்கு வெற்றியைக் கொடுத்தார்கள்.

எல்லா இடத்திலும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. பிரான்ஸில் கிளப்புகளுக்கென்றே கிராண்ட் பிரீ தொடர் உண்டு. பாரிஸ் பக்கத்துச் சிற்றூர்களின் கிளப்புகள்கூட வெளிநாட்டு நட்சத்திரங்களைச் சம்பளத்துக்கு எடுத்து ஊர் ஊராகப் போகும். அங்கே காற்றுக்கு ஒளிவதும் தந்திரம், அனுமதி உண்டு. கோவா மாதிரி நீண்ட தூரப் போட்டிக்குத்தான் இந்தத் தனிமைச் சட்டம். அப்புறம் எதற்குக் கிளப்?

பதிலைத் தேட வேண்டிய இடம் கிழக்குக் கடற்கரைச் சாலை (இசிஆர்). ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்குத் திருவான்மியூரில் கிளம்பி மாமல்லபுரம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 90 கி.மீ. வருகிறது. போட்டித் தூரம் அப்படியே நம் வீட்டு வாசலில் கிடக்கிறது. சென்னை டிரையத்லான்காரர்களின் பல்கலைக்கழகம் அந்தச் சாலைதான். சரக்கு வண்டிகள், எதிர்த்திசையில் வரும் பைக்குகள், சாலையின் பாதியை அடைத்துத் தூங்கும் நாய்கள் எல்லாம் சேர்ந்த அந்தச் சாலையில் தனியாக மூன்றரை மணி நேரம் ஓட்டுவது வேகத்தைப் பற்றிய கேள்வியே அல்ல, உயிரைப் பற்றியது. பின்னால் ஒரு சிவப்பு விளக்கு வரிசை இருந்தால்தான் லாரிக்காரர் ஒதுங்குவார். கிளப்பின் முதல் வேலை அதுதான். பெல்ஜியத்திலிருந்து வந்து சென்னையில் தங்கிவிட்ட பீட்டர் வான் கைட் 2008-இல் தொடங்கிய சென்னை டிரெக்கிங் கிளப், மலையேற்றத்தோடு நிற்காமல் நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்று விரிந்து டிரையத்லான் போட்டிகளையும் நடத்தியது. சாப்ட்வேர் நாற்காலியில் உட்கார்ந்து தேய்ந்த எத்தனையோ பேர் முதன்முதலாகத் திறந்த நீரில் கால் வைத்தது அப்படித்தான்.

நீச்சல்தான் பலருக்கும் கண்டம். ஓடத் தெரிந்தவர்கள், சைக்கிள் மிதிக்கத் தெரிந்தவர்கள் ஏராளம். முப்பத்தைந்து வயதுக்கு மேல் குளத்தில் இறங்கி, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடப் பழகியவர்களும் இந்தக் குழுக்களில் ஏராளம். குளத்தில் அடியில் கறுப்புக் கோடு தெரியும், 25 மீட்டருக்கு ஒருமுறை சுவர் வரும். கடலில் இரண்டும் இல்லை. நீலாங்கரைப் பக்கம் ஞாயிறன்று கடலில் இறங்கும்போது, அலை உடையும் இடத்தைத் தாண்டிக் கூட்டிப்போக ஒரு பழைய ஆள் வேண்டும். “மூச்சை விடு, கையைப் போடு, நான் பக்கத்துலதான் இருக்கேன்.” இந்த ஒரு வாக்கியத்தை எந்தப் பயிற்சிச் செயலியும் சொல்லாது.

பருவம் வேறு பகை. போட்டிக்கான உச்சப் பயிற்சி விழுவது அக்டோபரில். அந்த மாதத்தில்தான் வடகிழக்குப் பருவமழை தமிழகக் கடற்கரைக்கு வந்து சேர்கிறது. வாடைக் காற்று, கலங்கிய கடல், முட்டளவு தண்ணீரில் மூழ்கிய சாலைகள். அதே நேரத்தில் கோவாவில் தென்மேற்குப் பருவம் விடைபெற்று வானம் வெளுத்திருக்கும். மழையில் பயிற்சி செய்துவிட்டு 32, 33 டிகிரி வெயிலில் போய் ஓட வேண்டும். கடைசி மூன்று வாரம் வீட்டுக்குள் டிரெயினரில் சைக்கிளை மாட்டி, வேண்டுமென்றே மின்விசிறியை அணைத்துவிட்டு மிதிப்பவர்கள் உண்டு. தரை முழுக்க வியர்வைக் குட்டை. வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதை எழுதாமல் விடுவது நல்லது.

மேடு இன்னொரு பாடம். சென்னைக்காரருக்குத் தெரிந்த ஒரே ஏற்றம் முட்டுக்காட்டுப் பாலம். பனாஜியைச் சுற்றியுள்ள நிலமோ ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதற்காகக் குழுக்கள் வேன் பிடித்து ஏலகிரிக்குப் போகின்றன. 14 கொண்டை ஊசி வளைவுகள்; புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் தாங்கி நிற்பவை. தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் அங்கே கொடுத்துவைத்தவர்கள். பாரியில் கியரை இறக்கி, ஓரியில் பல்லைக் கடித்து, அதியமானில் சீட்டிலிருந்து எழுந்து மிதித்து ஏறிய கதையை இறங்கிவந்து சொல்லலாம்.

ஆனால் கிளப் ஒரு பொய்யையும் சொல்லித் தருகிறது. இசிஆரில் வரிசையாகப் போகும்போது முன்னால் இருப்பவர் காற்றை உடைக்கிறார், நடுவில் இருப்பவர் அந்த நிழலில் சுகமாக வருகிறார். கைக்கடிகாரம் சராசரி 30 கி.மீ. என்று காட்டும். அது தன் வேகம் என்று நம்பியவர்கள் கோவாவில் 12 மீட்டர் இடைவெளியில் தனியாக விடப்பட்டதும் 25-க்கு இறங்குவார்கள். ‘இன்னிக்கு என்னமோ கால் வரல’ என்பார்கள். கால் வந்ததுதான், நிழல்தான் வரவில்லை. விவரமான குழுக்கள் போட்டிக்கு ஆறு வாரம் இருக்கும்போதே வரிசையை உடைத்துவிடுகின்றன. இரண்டு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராகக் கிளம்ப வேண்டும், முந்தினால் பேசாமல் போய்விட வேண்டும். கூட்டமாகப் போய் தனியாக ஓட்டப் பழகுவது. இந்த வேலையைச் செய்யாத குழு எவ்வளவு கலகலப்பாக இருந்தாலும் அது ஒரு சிற்றுண்டிச் சங்கம்தான், டிரையத்லான் குழு அல்ல.

வெள்ளிக்கிழமை பிற்பகல், பனாஜியில் ஒரு விடுதி அறை. கட்டிலை ஒதுக்கிவிட்டுத் தரையில் பெட்டிகளைத் திறக்கிறார்கள். முழுக் குழுவுக்கும் ஒரே ஒரு நிற்கும் பம்ப். ‘பம்ப் எந்த ரூம்ல?’ என்ற கேள்வி வாட்ஸ்அப்பில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும். சீட் தண்டில் ஒட்டிய இன்சுலேஷன் டேப்தான் உயரத்துக்கான அடையாளம், அது உரிந்திருந்தால் பழைய உயரம் போச்சு. அடுத்தது பெடல். வலது பெடலின் மரை வழக்கம்போல் சுற்றும், இடது பெடலின் மரை எதிர்த்திசை. மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடாமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. பதற்றத்தில் இரண்டையும் மாற்றி வைத்துப் பலமாகத் திருகினால் கிராங்கின் மரையே போய்விடும், அந்த அறையில் அப்போது ஓர் ஆண்டு உழைப்பும் போய்விடும். அதனால்தான் ஆலன் கீ பிடிக்கத் தெரிந்த ஒருவர் அறை அறையாகப் போய் ஒவ்வொரு சைக்கிளையும் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுழற்றி, கியர் மாற்றும் பின்பக்க டிரெய்லியரை ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். விமானச் சரக்கில் எங்கோ மோதி, அதைத் தாங்கும் ஹேங்கர் ஒரு நூல் வளைந்திருந்தாலும் ஏற்றத்தில் செயின் ஆரக்கம்பிக்குள் போய் மாட்டிக்கொள்ளும். அவர் வளைவை நிமிர்த்தி, கியரை மேலும் கீழும் நான்கு முறை மாற்றிப் பார்த்து, “ஓடும் போ” என்கிறார். அவருக்கும் ஞாயிறு போட்டி இருக்கிறது. அவர் சைக்கிள் இன்னும் பெட்டிக்குள்தான்.

சனிக்கிழமை சைக்கிளைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். இரவு முழுக்க அது அங்கேயே தொங்கும். இரண்டு பைகள் தருவார்கள்: நீலத்தில் சைக்கிளுக்கானது, சிவப்பில் ஓட்டத்துக்கானது. எதில் எதைப் போட்டோம் என்று இரவு பதினொரு மணிக்குச் சந்தேகம் வரும். சாப்பாடு இன்னொரு யுத்தம். கோவாவுக்கு வந்துவிட்டு விண்டாலூவையும் மீன் கறியையும் வெறுமனே வேடிக்கை பார்ப்பது சுலபமில்லை. ‘ரேஸ் அன்னிக்கும் முந்தின நாளும் புதுசா எதையும் வாய்ல வைக்காதே’ என்பது முதல் பாடம். அதனால் முப்பது பேரும் உடுப்பி ஓட்டலைத் தேடிப்பிடித்துத் தயிர்சாதம் சாப்பிடுவார்கள்.

ஞாயிறு அதிகாலை மிராமார். மாண்டோவி ஆறு அரபிக்கடலில் கலக்கிற இடம். சென்னைக் கடலைப் பார்த்தவர்களுக்கு இந்த நீர் சாதுவாகத்தான் தெரியும். கணுக்காலில் சிப், தலையில் தொப்பி. தண்ணீர் 24.5 டிகிரிக்கு மேல் இருந்தால் வெட்சூட் அணியக் கூடாது. கோவாக் கடல் அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும். மிதக்க உதவும் ரப்பர் உடை கிடையாது என்பதால் கூடுதல் பயம். விநாடிக் கணக்கில் இடைவெளி விட்டு ஆட்களை உள்ளே அனுப்புகிறார்கள். மூச்சு முட்டினால் கயாக்கைப் பிடித்து இளைப்பாறலாம், ஆனால் அது ஓர் அடிகூட நம்மை முன்னே நகர்த்தக் கூடாது.

கிழக்குக் கரைக்காரர்களுக்கு இங்கே ஒரு வலை காத்திருக்கிறது. சென்னையில் விடியற்காலை கடலுக்குள் நீந்திப் போகும்போது சூரியன் முகத்தில் அடிக்கும், கரைக்குத் திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் போய்விடும். கரையில் இருக்கும் கட்டடங்கள் பளிச்சென்று தெரியும். மேற்குக் கரையில் எல்லாம் தலைகீழ். உள்ளே போகும்போது மிதவைகள் தெளிவாகத் தெரியும். திரும்பும்போது, களைத்துப்போன நேரத்தில், கரைக்கு மேலே எழும் வெயில் நேராகக் கண்ணில் விழும். எங்கே கரை, எங்கே மிதவை என்று தெரியாமல் வளைந்து வளைந்து நீந்தி நூறு இருநூறு மீட்டரைக் கூட்டிக்கொள்வார்கள். கறுத்த கண்ணாடி போட்ட நீச்சல் காகிள்ஸ் வாங்கிவர வேண்டும் என்று முன்பே வந்துபோன யாராவது சொல்லியிருந்தால் தப்பிக்கலாம். இதில் ஒரு வேடிக்கை: சைக்கிளில் ஒளிவது குற்றம் என்றாலும் நீச்சலில் இன்னொருவரின் காலடிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நீந்துவது குற்றமில்லை. விதி அனுமதிக்கும் அந்தக் கொஞ்ச தூரத்திலாவது ஒரே குழுக்காரர் இருவர் ஒட்டிக்கொள்ளலாம். கலங்கிய நீரில் கூடவருவது நம்மாள்தானா என்று தெரிந்தால்!

கரையேறியதும் மணல் ஒட்டிய காலோடு ஓட்டம். பையைக் கொட்டி, துண்டில் பாதத்தைத் துடைத்து, விரலிடுக்கு மணலைத் தட்டி, சாக்ஸை இழுக்கும்போது ஈரத்தில் அது பாதியில் சுருண்டு நிற்கும். முதல் தடவை வருகிறவர்கள் ஹெல்மெட்டை மறந்துவிட்டு சைக்கிளை எடுக்கப் போவார்கள். கூடாது. தாடையில் கொக்கி மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொடலாம். முதல் சுற்று உற்சாகம், இரண்டாம் சுற்று கணக்கு, மூன்றாம் சுற்று உப்பு மாத்திரை. சட்டைப் பையில் பேரீச்சம்பழமும் கடலைமிட்டாயும் வெயிலில் கலந்து ஒரே உருண்டையாகியிருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பனாஜிக்காரர்களுக்கும் ஒரு தியாகம் உண்டு. திருப்பலிக்குப் போகிறவர்களும் சந்தைக்குப் போகிறவர்களும் அடைபட்ட சாலைகளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பந்தய உற்சாகத்தில் வெளியூர்க்காரர்கள் அதை நினைப்பதில்லை.

ஓட்டத்தில்தான் குழு மறுபடி கண்ணில் படுகிறது. ஒரே சாலையில் போவதும் வருவதுமாகச் சுற்றுகள் என்பதால் எதிரே வருகிறவர்களின் முகம் தெரியும். ஒரே நிற உடைக்கு அப்போதுதான் பயன். பேசச் சக்தி இருக்காது. கையைத் தட்டிவிட்டுப் போவார்கள், அல்லது “எத்தனையாவது ரவுண்டு?” என்று கேட்பார்கள். பதில் ‘ரெண்டு’ என்று வந்தால் கேட்டவருக்கு நிம்மதி, ‘கடைசி’ என்று வந்தால் வயிற்றெரிச்சல். தடுப்புக்கு வெளியே மனைவிமாரும் கணவன்மாரும், பெட்டியைத் தூக்க உதவி செய்யப்போய்ச் சிக்கிக்கொண்ட மைத்துனர்களும் நின்று கத்துவார்கள். பாட்டில்தான் கொடுக்கக் கூடாது, “விட்றாத தலைவா” கொடுக்கலாம்.

பகல் இரண்டு மணிக்கு மேல் போட்டியின் நிறம் மாறுகிறது. ஜெயித்தவர்கள் எப்போதோ குளித்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். இனி கட்-ஆஃபோடு பந்தயம். நீச்சலை 1 மணி 10 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். நீச்சலும் சைக்கிளும் சேர்த்து ஐந்தரை மணி நேரம். மொத்தம் எட்டரை மணி நேரம். நீச்சலில் ஒரு மணி ஐந்து நிமிடமும் உடை மாற்றப் பத்து நிமிடமும் எடுத்துக்கொண்டவருக்கு 90 கி.மீ.யை மிதிக்க நாலேகால் மணி நேரம் மிஞ்சும். மணிக்கு 21 கி.மீ.க்குக் கீழே இறங்கினால் கதை முடிந்தது. இசிஆரில் இது நடைப்பயணம் போலத் தோன்றும். மேட்டில், எதிர்க்காற்றில், ஒரு பஞ்சரோடு கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

2024 அக்டோபரில் பெங்களூரு தெற்கு எம்.பி. தேஜஸ்வி சூர்யா 8 மணி 27 நிமிடம் 32 விநாடியில் முடித்தபோது எல்லா நாளிதழ்களிலும் செய்தி வந்தது. கட்-ஆஃபுக்கு மிச்சம் இரண்டரை நிமிடம்கூட இல்லை. 2025 நவம்பரில் அவரோடு தமிழக பா.ஜ.க.வின் முன்னாள் தலைவர் அண்ணாமலையும் இறங்கி 8 மணி 13 நிமிட அளவில் முடித்தார். அன்றைக்குத் தமிழ்நாட்டின் டீக்கடைகளில்கூட ‘அயர்ன்மேன்னா என்னப்பா?’ என்ற கேள்வி எழுந்தது. அரசியலை ஓரம்கட்டிவிட்டுப் பார்த்தாலும் ஒன்று உண்மை. அந்த எட்டு மணி நேர வரிசையில் இருப்பவர்கள்தான் இந்தப் போட்டியின் பெரும் கூட்டத்துக்குப் பக்கத்துச் சொந்தக்காரர்கள், நாலரை மணி நேரக்காரர்கள் அல்ல.

முடித்த குழுக்காரர்கள் அறைக்குப் போவதில்லை. கழுத்தில் பதக்கத்தோடு, வெந்துபோன தோளோடு, கைபேசியில் டிராக்கரைத் திறந்துவைத்துக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு முன்னால் நிற்கிறார்கள். “அவர் 18-ல இருக்காரு.” “இல்ல, அது பழைய அப்டேட்டு.” சைக்கிளில் கட்-ஆஃப் தப்பவிட்டவரும் அதே கூட்டத்தில் சாதாரண உடையில் நிற்பார். அவரிடம் என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியாது. ஹேங்கரை நிமிர்த்திய அந்த ஆள் மட்டும் போய் சைக்கிளைப் பற்றிப் பேச்சுக் கொடுப்பார்: “டியூப் மாத்த எவ்ளோ நேரம் ஆச்சு? வால்வு எக்ஸ்டென்ஷன் லீக்கா?” கிளப் எதற்கு என்ற கேள்விக்கான பதிலில், தனியாகப் பயிற்சி செய்யும் எந்தக் கெட்டிக்காரனுக்கும் கிடைக்காத பகுதி இதுவாக இருக்கலாம்.

ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் முன்னால் வந்தவர்களுக்கு 70.3 உலகப் போட்டிக்கான இடங்கள் உண்டு. அது ஆண்டுக்கொரு ஊரில் நடக்கும்: 2023-இல் பின்லாந்தின் லாஹ்தி, 2024-இல் நியூசிலாந்தின் டௌபோ, 2025-இல் ஸ்பெயினின் மார்பெயா. பெயரை வாசிக்கும்போது ஆள் அரங்கில் இருக்க வேண்டும், அந்த இடத்திலேயே பணம் கட்ட வேண்டும். வேண்டாம் என்றாலோ வராவிட்டாலோ இடம் அடுத்தவருக்கு உருண்டு இறங்கும். முதலாமவர் ஏற்கெனவே தகுதி பெற்றவர், மூன்றாமவருக்கு விமானம், நான்காமவருக்கு அலுவலகத்தில் லீவு இல்லை. அப்படி இறங்கி இறங்கிப் பத்தாவது, பன்னிரண்டாவது ஆள்வரை வந்த கதைகள் குழுக்களில் உலவுவதால், வாய்ப்பே இல்லாதவர்களையும் நண்பர்கள் தரதரவென்று அந்தக் கூட்டத்துக்கு இழுத்துவந்து உட்கார வைத்துவிடுவார்கள். திடீரென்று பெயர் கேட்கிறது. பின்வரிசையில் ஒருவர் எழுந்து நிற்கிறார். முப்பது பேரும் கத்துகிறார்கள். அவர் ஒரு கையால் கார்டைத் தேடிக்கொண்டே மறுகையால் வீட்டுக்குப் போன் போடுகிறார். “இல்லம்மா, நல்லா இருக்கேன், ஒண்ணும் ஆகல. ஒரு விஷயம் கேக்கணும், கோபப்படக் கூடாது…”